480 நாள்: தொழிலாளரின் நம்பிக்கையும் ஆலையின் மீதான பற்றும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போச்சம்பள்ளிக்கு அருகிலுள்ள நாகரசம்பட்டியும் அதன் சுற்றுச் சிற்றூர்களும் மாந்தோப்பையும் தென்னந்தோப்பையும் நம்பி வாழ்ந்த ஊர்களாக இருந்து, கடந்த சில பத்தாண்டுகளில் ஆலைகளுக்கு ஆள் அனுப்பும் ஊர்களாகவும் மாறியிருக்கின்றன. அண்டையில் போச்சம்பள்ளி, பர்கூர் சிப்காட் வளாகங்கள், நெடுஞ்சாலை வழியே சென்றால் ஓசூர், ஓசூரையும் தாண்டினால் அத்திப்பள்ளி, பொம்மசந்திரா என்று கர்நாடகத்தின் ஆலைப் பகுதிகள் என வேலைக்கான வாசல்கள் பல இருக்கின்றன. ஆயினும் பன்னிரண்டாம் வகுப்போ ஐ.டி.ஐ. படிப்போ முடித்த பிள்ளைக்கு வேலை கிடைத்துவிட்டது என்ற செய்தி வீட்டுக்கு வந்ததும், சம்பளம் எவ்வளவு என்பதற்கு அடுத்தபடியாகக் கேட்கப்படும் கேள்வி, பர்மனென்ட் ஆக்குவார்களா என்பதுதான். அதே காலத்தில் ஆலைகளின் மனிதவளப் பிரிவுகளில் ஓயாமல் கேட்கும் குறை, எடுத்த ஆள் நிற்பதில்லை, பயிற்சி முடித்த கையோடு அடுத்த கம்பெனிக்குப் போய்விடுகிறார் என்பது. வீட்டில் எழும் அந்தக் கேள்விக்கு நேரான விடை கிடைக்காத இடங்களில்தான் ஆலையில் இந்தக் குறை பெருகுகிறது என்பதை உளவியல் ஆய்வும் தமிழ்நாட்டின் தொழிலாளர் சட்டமும் ஓசூரின் சொந்த வரலாறும் சேர்ந்து காட்டுகின்றன.

நம்பிக்கை என்பதை வெறும் மனநிலையாக, நல்லது நடக்கும் என்ற எண்ணமாகக் கொள்வது பொது வழக்கு. அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர் சி.ஆர்.ஸ்னைடர் 1991-இல் தம் சக ஆய்வாளர்களுடன் வெளியிட்ட ஆய்வில் இதை இன்னும் கூர்மையாக வரையறுத்தார். அவர் கருத்துப்படி நம்பிக்கைக்கு ஓர் இலக்கு வேண்டும். அந்த இலக்கை நோக்கி நடக்க என்னால் முடியும் என்ற உந்துதல் வேண்டும். அங்கே போய்ச் சேர வழி இருக்கிறது, ஒரு வழி அடைபட்டால் மற்றொரு வழியைக் காணலாம் என்ற தெளிவும் வேண்டும். உந்துதலைச் செயலூக்கம் என்றும் வழி பற்றிய தெளிவை வழிகாணல் என்றும் தமிழில் கூறலாம். இவ்விரண்டில் எது இல்லாவிட்டாலும் மிஞ்சுவது ஆசை மட்டுமே என்பதால், கடுமையாக உழைக்க அணியமாக இருக்கும் ஒரு பயிற்சியாளருக்கு, உழைத்தால் எந்தப் படிக்கு, எத்தனை மாதத்தில், யாருடைய முடிவின்படி போவோம் என்பது தெரியாதபோது, அவருடைய உழைப்பு மனம் நம்பிக்கையாக முதிர்வதில்லை. வழி மீண்டும் மீண்டும் அடைபடும்போது மனிதர் முதலில் சினம் கொள்வதும், பிறகு விரக்தி அடைவதும், இறுதியில் எதிலும் அக்கறையற்றுப் போவதும் இயல்பு என்று ஸ்னைடரின் கோட்பாடு கூறுகிறது; வேலையில் நாட்டமில்லை என்று மேற்பார்வையாளர் ஒருவர் குறித்துவைக்கும் தொழிலாளி, பெரும்பாலும் இந்த மூன்றாம் நிலையில் நிற்பவராகவே இருப்பார்.

நிறுவனத்தின் மீதான பற்றைப் பற்றியும் இதேபோல நுணுக்கமான பகுப்பு உண்டு. கனடாவின் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் மேயரும் நட்டாலி ஆலனும் 1991-இல் அதை மூன்றாகப் பிரித்தனர். இந்த இடத்தில் இருக்க விரும்புகிறேன் என்ற நிலையை உளப்பற்று என்றும், விட்டுப் போனால் இழப்பு மிகுதி என்பதால் இருக்கிறேன் என்ற நிலையை இழப்பச்சப் பற்று என்றும், எனக்கு உதவிய இடத்தை விட்டுப் போவது முறையாகாது என்ற நிலையைக் கடமைப்பற்று என்றும் குறிக்கலாம். ஒரே மனிதரிடம் இம்மூன்றும் வெவ்வேறு அளவில் கலந்திருக்கும். மாதத் தவணையில் வாங்கிய இருசக்கர வண்டி, அம்மா சேர்ந்திருக்கும் மகளிர் குழுக் கடன், தங்கையின் கல்லூரிக் கட்டணம் ஆகியவற்றைச் சுமந்துகொண்டு இரவு ஷிப்டுக்குப் போகும் இளைஞர் ஒருவர் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் இருப்பதைக் கண்டு அவருக்கு ஆலையின் மீது பற்று மிகுதி என்று நிர்வாகம் கருதினால், அது இரண்டாம் வகைப் பற்றை முதல் வகையாகக் கருதுவதாகும். 2002-இல் மேயர் தம் சக ஆய்வாளர்களுடன் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வேலையின் தரம், வருகை, சக தொழிலாளிக்கு வலிய உதவுதல் ஆகியவற்றோடு மிக நெருங்கிய தொடர்பு கொண்டது உளப்பற்றுதான் என்பதும், இழப்பச்சப் பற்றுக்கு அத்தகைய நற்பலன் இல்லை என்பதும் புலப்பட்டன. வேறு போக்கிடம் இல்லாத காரணத்தால் தங்கியிருப்பவர் தங்கியிருக்கிறார், அவ்வளவே. அவரிடமிருந்து அதற்கு மேல் எதையும் எதிர்பார்ப்பதற்கில்லை.

இந்த இரு கோட்பாடுகளும் சந்திக்கும் இடம் தமிழ்நாட்டில் ஒரு சட்டமாகவே எழுதப்பட்டிருக்கிறது என்பது பலரும் கவனிக்காத உண்மை. 1981-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்குதல்) சட்டம், ஒரு நிறுவனத்தில் 24 மாதக் காலத்துக்குள் 480 நாள் தொடர்ந்து பணிபுரிந்த தொழிலாளி நிரந்தரமாக்கப்பட வேண்டும் என்று கூறுகிறது. உடல்நலக் குறைவு, அனுமதி பெற்ற விடுப்பு, விபத்து, சட்டப்படியான வேலைநிறுத்தம், கதவடைப்பு ஆகியவற்றால் ஏற்படும் இடைவெளி தொடர்ச்சியை முறிக்காது. மாதத்துக்கு 26 வேலை நாள் என்று எளிமையாகக் கணக்கிட்டால், ஏறத்தாழ பதினெட்டரை மாதத்தில் ஒருவர் இந்த எல்லையைத் தொட்டுவிடுவார். இலக்கு எது, எத்தனை நாள், யாரிடம் முறையிடுவது என்பன அனைத்தும் தெளிவாக வரையறுக்கப்பட்ட இச்சட்டத்தை, ஸ்னைடர் தம் கோட்பாட்டை வகுப்பதற்குப் பத்தாண்டு முன்பே ஒரு மாநில அரசு தொழிலாளியின் கையில் கொடுத்த வழிகாணல் என்று கூறினால் அது மிகையாகாது.

வழி இருந்தும் நடக்க முடியாமல் போவது எவ்வாறு என்பதில்தான் இந்தப் பகுதி மக்களின் பட்டறிவு முழுதும் அடங்கியிருக்கிறது. முதலாவது, பிரேக் கொடுப்பது என்று தொழிலாளர் கூறும் வழக்கம்: 480 நாள் நிறைவதற்குச் சில வாரம் முன்பாக ஒருவரை நிறுத்திவிட்டு, ஓர் இடைவெளிக்குப் பின் புதிய ஆளாக, சில வேளைகளில் வேறொரு ஏஜென்சியின் பெயரில், அதே லைனில் அதே மெஷினின் முன்னே மீண்டும் நிறுத்துவது. அத்தகைய தொழிலாளி ஒருவரின் சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்தால், அவர் ஐந்தாண்டுகளாக வேலைபார்க்கும் ஆலையின் பெயர் அதில் எங்கும் இராது. மேலே ஒப்பந்ததாரரின் பெயரும், அதன் கீழே சென்ற ஆண்டு தொடங்கியதாகக் காட்டும் பணிச்சேர்க்கைத் தேதியும், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடித்தங்களும் மட்டும் இருக்கும். ஐந்தாண்டு உழைப்பு ஒவ்வொரு முறையும் சுழியத்திலிருந்து எண்ணப்படுவதை அந்த ஒற்றைத் தாள் கூறிவிடுகிறது. இது சட்டத்தின் சொல்லை மீறாமல் அதன் உயிரை எடுக்கும் செயல் என்பதில் ஐயமில்லை.

இரண்டாவது, பயிற்சியாளர் என்னும் பெயர். 1961-ஆம் ஆண்டின் பழகுநர் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, பழகுநர் பயிற்சி பெறுபவரே அன்றித் தொழிலாளர் அல்லர் என்று கூறுவதால், பெரும்பாலான தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்துவதில்லை. உண்மையான பயிற்சி என்பது கைத்திறனை வளர்த்து ஒருவரின் வழிகளைப் பெருக்குவது, ஓசூரில் ஐ.டி.ஐ. முடித்துப் பழகுநராகச் சேர்ந்து ஃபிட்டராகவும் டர்னராகவும் தேறியவர்கள் ஏராளம். ஆனால் சேர்ந்த இரண்டாம் வாரத்திலிருந்தே உற்பத்தி இலக்கைக் கொடுத்து லைனில் நிறுத்தப்படும் ஒருவரை மூன்றாம் ஆண்டிலும் ட்ரெய்னி என்றே அழைப்பதை எவ்வகையிலும் பயிற்சி என்று கூற இயலாது.

மூன்றாவது, பருவகாலத் தொழில். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மாங்கூழ் ஆலைகள் கோடை தொடங்கி அறுவடை முடியும் வரை இரவு பகலாக ஓடுபவை. தோத்தாபுரி மாம்பழம் ஏற்றிய வண்டிகள் ஆலை வாயிலில் வரிசைகட்டி நிற்கும் அந்த நாள்களில் பழம் கழுவவும் தரம் பிரிக்கவும் பெண்கள் பெருந்தொகையாக வேலைக்குப் போவர், பருவம் முடிந்ததும் வீடு திரும்புவர். பருவகாலத் தன்மையுள்ள நிறுவனங்களுக்கு 1981-ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது என்பதால், இருபது பருவம் ஒரே ஆலையில் வேலைபார்த்த பெண்ணுக்கும் இச்சட்டத்தின்படி உரிமை எதுவும் பிறப்பதில்லை. அவ்வாறு உழைத்த தாயின் மகள் ஆண்டு முழுதும் ஓடும் ஆலையில் வேலைக்குச் சேரும்போது, அந்தக் குடும்பத்தின் எதிர்பார்ப்பு எத்துணைப் பெரியதாக இருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கால் காசு என்றாலும் கவர்மென்ட் உத்தியோகம் என்று பழகிய சமூகத்தில் நிரந்தரம் என்பது சம்பளத்தின் ஒரு பகுதியாகவே மதிக்கப்படுகிறது. பெண் கொடுக்க வருபவர்கூட மாப்பிள்ளையின் வேலை பர்மனென்டா, கான்ட்ராக்டா என்று கேட்டுவிட்டே மேற்கொண்டு பேசுகிறார்.

நிரந்தரமற்ற வேலை ஒரு வட்டாரத்தின் தனிக்கதையும் அன்று. ஒன்றிய அரசின் ஆண்டுத் தொழிலக ஆய்வுகளின்படி, இந்தியாவின் பதிவுபெற்ற தொழிற்சாலைகளில் வேலைபார்க்கும் தொழிலாளர்களில் பத்துக்கு நால்வர் அளவுக்கு ஒப்பந்ததாரர் வழியாக வந்தவர்கள். ஒரே கூரையின் கீழ், ஒரே வேலையை, இரு வேறு சம்பளத்துக்கும் இரு வேறு எதிர்காலத்துக்கும் செய்யும் இருவர் அருகருகே நிற்கும் நிலை இதனால் உருவாகிறது. பல ஆலைகளில் சீருடையின் நிறமோ அடையாள அட்டையின் பட்டையோ யார் எந்தப் பக்கம் என்பதைத் தொலைவிலிருந்தே காட்டிவிடுகிறது. அந்த வேறுபாட்டை ஒவ்வொரு நாளும் அணிந்துகொண்டு வருபவரிடம் இது உங்கள் குடும்பம் என்று ஆண்டு விழா மேடையில் கூறுவதால் உளப்பற்று விளைந்துவிடாது.

மாறாக, வழியைத் திறந்துவைத்த ஆலை எதைப் பெற்றது என்பதற்கு ஓசூரே சான்று. 1970-களில் சிப்காட் வளாகம் உருவாகி, 1980-இல் அசோக் லேலண்டின் ஆலையும் டி.வி.எஸ். 50 மொபெட்டும் ஓசூரின் பெயரை நாடறியச் செய்த பின்பு, 1984-இல் டாட்டா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனமும் சேர்ந்து டைட்டன் கடிகார நிறுவனத்தைத் தொடங்கின. கைக்கடிகாரத் தொழிலில் பழகிய தொழிலாளர் அந்நாளில் பெங்களூரின் எச்.எம்.டி. ஆலை போன்றவற்றில் இருந்தனர். அங்கிருந்து அனுபவம் மிக்க சிலரை அழைத்துக்கொண்டாலும், செர்க்சிஸ் தேசாயின் தலைமையிலான நிர்வாகம் உற்பத்திப் பணிக்குத் தேர்ந்தெடுத்தவர்கள் பெரும்பாலும் அன்றைய தருமபுரி மாவட்டம் போன்ற பின்தங்கிய பகுதிகளின் பள்ளிகளிலிருந்து நேரே வந்த பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள். இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-இல்தான் தருமபுரியிலிருந்து பிரிந்தது என்பதால், நாகரசம்பட்டியும் அந்தத் தருமபுரிக்குள் இருந்த ஊரே.

கடிகாரத்தின் உள்ளுறுப்புகள் இடுக்கியால் மட்டுமே எடுக்கக்கூடிய நுண்மையுடையவை. லென்சு வழியே பார்த்து, மூச்சை அடக்கி, பல்சக்கரத்தை அதன் ஊசிமுனை அச்சில் அமர்த்தும் வேலைக்கு நிதானமும் கூர்ந்த கண்ணும் பிசகாத விரலும் தேவை. வயலையும் வகுப்பறையையும் அன்றி வேறெதையும் அறியாத பிள்ளைகளுக்கு இத்திறனைக் கற்பிக்க முடியும் என்று நிர்வாகம் நம்பியது, அதற்கான பயிற்சியையும் நகரில் தங்குவதற்கான ஏற்பாட்டையும் செய்தது, பின்னர் அவர்களை நிரந்தரத் தொழிலாளர்களாக வைத்துக்கொண்டது. மாற்றுத்திறனாளிகளும் அந்தப் பணியாளர் வரிசையில் இடம்பெற்றனர். 1990-களின் நடுவில், மைராடா என்னும் தொண்டு நிறுவனத்தின் துணையுடன் ஓசூர்ப் பகுதியின் சிற்றூர்ப் பெண்கள் மெடோ என்ற பெயரில் தங்களுக்கே உரிமையான ஒரு நிறுவனத்தை அமைத்து, டைட்டனுக்குக் கடிகாரச் சங்கிலி இணைப்பது போன்ற வேலைகளை எடுத்துச் செய்யத் தொடங்கினர். ஆலைக்கு வெளியிலிருந்து வேலைசெய்பவரும் கூலியாளாக நிற்காமல் உரிமையாளராக உயர முடியும் என்பதற்கு அது எடுத்துக்காட்டு. இத்தகைய முயற்சிகளில் குறைகளே இல்லை என்று கூறுவதற்கில்லை. எனினும், இளம் வயதில் தம்மீது பிறர் வைத்த நம்பிக்கையே தம்முள் நம்பிக்கையாக வளர்ந்த ஒரு தலைமுறையை ஓசூர் கண்டது என்பது இந்த வட்டாரத்தில் மறக்கப்படாமல் இருக்க வேண்டிய செய்தி.

இப்போதைய அலை அளவிலும் வேகத்திலும் வேறானது. போச்சம்பள்ளியில் 500 ஏக்கரில் மின்ஸ்கூட்டர் ஆலையை எழுப்பிய ஓலா நிறுவனம், 2021 செப்டம்பரில், அந்த ஆலை முற்றிலும் பெண்களாலேயே இயங்கும் என்றும் முழு அளவை எட்டும்போது 10,000 பெண்களுக்கு வேலை தரும் என்றும் அறிவித்தது. ஓசூரை அடுத்த டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் ஆலை பற்றி 2022 நவம்பரில் பேசிய ஒன்றிய அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ், அங்கு 60,000 பேர் வேலைபார்ப்பர் என்றும், ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளின் பழங்குடிப் பெண்கள் 6,000 பேர் அவர்களில் முதலாவதாக இருப்பர் என்றும் கூறினார். பர்கூரில் காலணி ஆலைகள் வந்துள்ளன. விடியுமுன் ஊர் முனையில் வந்து நிற்கும் கம்பெனி பஸ்ஸில் ஏறும் கூட்டத்தில் பெண்களே மிகுதி என்ற காட்சி, ஒரு தலைமுறைக்கு முன் இவ்வட்டாரத்தில் எண்ணிப் பார்க்க முடியாதது.

பெரிய எண்ணிக்கையை அறிவிப்பதும் ஒரு வகை வாக்குறுதிதான். அமெரிக்க அறிஞர் டெனிஸ் ரூசோ 1989-இல் விளக்கிய உளவியல் ஒப்பந்தம் என்னும் கருத்து இங்கே பயன்படும்: பணி ஆணையில் எழுதப்பட்டவை ஒருபுறம் இருக்க, இந்த நிறுவனம் எனக்கு இன்னின்னது செய்யும் என்று தொழிலாளி தன் மனத்தில் எழுதிவைத்துக்கொள்ளும் ஒப்பந்தம் மற்றொன்று உண்டு, அது முறியும்போது ஏற்படும் காயம் எழுதிய ஒப்பந்தம் முறிவதைவிட ஆழமானது. பத்தாயிரம் பேருக்கு வேலை என்ற செய்தியை நாளிதழில் படித்துவிட்டு மாட்டை விற்று மகளின் டிப்ளமோ கட்டணத்தைச் செலுத்திய தகப்பனும் அத்தகைய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவரே. சந்தை சரிந்தால் ஆலைகள் ஆள் குறைக்க நேரிடும் என்பதை மறுக்க முடியாது; 2025 மார்ச்சில் ஓலா எலெக்ட்ரிக் தன் பல பிரிவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் குறைக்கவிருப்பதாகச் செய்திகள் வந்தபோது, அவை எந்தப் பிரிவுகளைக் குறித்தவை என்பதை அறியும் முன்பே போச்சம்பள்ளி வட்டார வீடுகளில் அச்சம் எழுவது இயல்பே. ஆகவே அறிவிக்கும்போதே எத்தனை பேர் நேரடி நியமனம், எத்தனை பேர் ஒப்பந்தம், எத்தனை பேர் பயிற்சியாளர் என்று பிரித்துக் கூறும் நேர்மையை நிறுவனங்களிடமும், நிலமும் சலுகையும் தரும் அரசிடமும் எதிர்பார்ப்பதில் தவறில்லை.

நிரந்தரம் கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடுமா என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டின் வட பகுதியிலேயே விடை இருக்கிறது. சுங்குவார்சத்திரத்தின் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கி 37 நாள் நடந்த வேலைநிறுத்தத்தில் இறங்கியவர்களில் பலர் பல்லாண்டு பணியாற்றியவர்கள். ஊதிய உயர்வும் அவர்கள் கேட்டதுதான், ஆனால் முதன்மையான கோரிக்கை தங்கள் சங்கம் ஏற்கப்பட வேண்டும் என்பது. அதற்கு முன்பு 2021 டிசம்பரில், ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் விடுதி உணவால் நோயுற்று நூற்றுக்கு மேற்பட்டோர் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தபோது, அவர்களின் தோழியர் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். அந்த நிகழ்வுக்குப் பின்னர் 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குவதற்கான சிப்காட் குடியிருப்பு திறக்கப்பட்டது. பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் எழுதிய நூலின்படி, ஓர் அமைப்பில் மனக்குறை கொண்டவர் முன் இரு வழிகள் உள்ளன: விலகுதல், குரல் எழுப்புதல். பற்று மிகுந்தவர்தான் விலகாமல் நின்று குரல் எழுப்புவார் என்பது அவருடைய முடிவுகளில் ஒன்று. ஆலை வாயிலில் முழக்கமிடுபவர் ஆலையைக் கைவிட்டவர் அல்லர். சொல்லாமல் கொள்ளாமல் அடுத்த வாரம் பொம்மசந்திராவுக்குப் பஸ் ஏறியவரே கைவிட்டவர். எல்லைப்புற ஓசூரில் விலகுவது மிக எளிது என்பதால், குரல் எழுப்புவோரை இழக்காமல் காப்பது இவ்வட்டார ஆலைகளுக்கு மற்ற எவரையும்விடத் தேவையானது.

பற்றை வளர்ப்பதில் நாள்தோறும் நடக்கும் சிறு செயல்களுக்கும் பெரும் பங்குண்டு. லைன் சூப்பர்வைசர் ஒருவர் ஷிப்ட் தொடங்குமுன் அன்றைய இலக்கைக் கூறுவதோடு, சென்ற வாரம் பழுதான மெஷின் ஏன் இன்னும் சீராகவில்லை என்பதையும் கூறினால், தொழிலாளிக்குத் தன்னை மனிதராக மதிக்கிறார்கள் என்ற உணர்வு பிறக்கிறது. அதுபோலவே, கன்னடமும் தெலுங்கும் தமிழும், இப்போது இந்தியும் ஒரே கேன்டீனில் ஒலிக்கும் ஆலையில், பாதுகாப்பு அறிவிப்பும் விடுப்பு விண்ணப்பமும் தொழிலாளி படிக்கும் மொழியில் இருப்பது சலுகை அன்று. திருமணமாகும் வரைதானே என்று பெண்களை மேல்நிலைப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்காமல் விடும் வழக்கமோ, பெண்கள் நிற்பதில்லை என்ற முடிவைத் தானே உருவாக்கிவிட்டு அதையே சான்றாகக் காட்டுகிறது. டெக்னீஷியன், டீம் லீடர், சூப்பர்வைசர் என்ற படிகளில் தமக்கு முன்னே ஏறிய பெண் ஒருவரைக்கூடக் காணாத இளம்பெண்ணுக்கு அந்தப் படிகள் இருந்தும் இல்லாதவையே.

2025 நவம்பர் 21 அன்று நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நாடு முழுதும் நடைமுறைக்கு வந்ததால், நாகரசம்பட்டியிலிருந்து இனி வேலைக்குப் போகும் பிள்ளைகள் நிரந்தரம் பற்றிய கணக்கைப் புதிதாகப் பழக வேண்டியிருக்கிறது. குறித்த காலப் பணி என்னும் நியமன முறை இப்போது சட்டத்தில் வெளிப்படையாக இடம்பெற்றுள்ளது. அதன்படி சேர்பவருக்கு அதே வேலையைச் செய்யும் நிரந்தரத் தொழிலாளிக்குக் குறையாத ஊதியமும் நலன்களும் உண்டு, முன்பு ஐந்தாண்டு காத்திருக்க வேண்டியிருந்த பணிக்கொடை ஓராண்டுப் பணிக்கே கிடைக்கும். இது ஒப்பந்ததாரர் வழியாகச் சேர்வதைவிட மேலானது, ஆனால் காலம் முடிந்ததும் வேலையும் முடிந்துவிடும் என்பதால் நிரந்தரத்துக்கு ஈடாகாது. பணி நியமனக் கடிதம் ஒவ்வொருவருக்கும் தரப்பட வேண்டும் என்பதும் இத்தொகுப்புகளின் விதி. அக்கடிதத்தைக் கையில் வாங்கும்போது, அதில் வேலை தருபவராகக் குறிப்பிடப்பட்டிருப்பது ஆலையா, ஒப்பந்ததாரரா, சேர்க்கை பயிற்சியாளராகவா, குறித்த காலப் பணியாளராகவா, நேரடித் தொழிலாளராகவா, பணிச்சேர்க்கைத் தேதி எது என்ற விவரங்களை வீட்டில் எழுத்தறிந்தவர் ஒருவர் உடனிருந்து படித்துப் பார்த்து, அதன் நகலையும் மாதந்தோறும் வரும் சம்பளச் சீட்டுகளையும் பத்திரப்படுத்த வேண்டும். 480 நாளைப் பற்றிய கேள்வி என்றேனும் தொழிலக ஆய்வாளரின் மேசைக்குப் போகுமானால், தொழிலாளியின் பக்கம் நின்று பேசக்கூடிய சான்றுகள் அந்தத் தாள்களே.